புக்கிட் மேரா ஏரிக்கு ஒரு நாள்

பள்ளி விடுமுறை நெருங்கும்போது எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "சார், இந்தத் தடவை எங்கே போகிறோம்?" என்பதுதான். பினாங்குக் கடற்கரையைப் பார்த்தாகிவிட்டது. தைப்பிங் மிருகக்காட்சி சாலையையும் பார்த்தாகிவிட்டது. ஆகவே இன்று பேராக் மாநிலத்தின் வடக்கே உள்ள புக்கிட் மேரா ஏரியைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

கரையில் நின்று பார்த்தால் அது இயற்கையாக உண்டான ஏரி என்றே தோன்றும். தூரத்தில் மலை, நடுவில் பச்சைத் திட்டுகள், மீன் பிடிக்கும் சிறு படகுகள். ஆனால் அது மனிதர் கட்டிய நீர்த்தேக்கம். குராவ் ஆற்றின் குறுக்கே கரை எழுப்பி, 1906ஆம் ஆண்டில் கட்டி முடித்தார்கள். கடலை ஒட்டிய கிரியான் வட்டாரம் தாழ்ந்த சதுப்பு நிலம். அங்கே நெல் பயிரிட்டவர்கள் வானத்தையே நம்பியிருந்தார்கள். மழை பிந்தினால் பயிர் போயிற்று. அதே வட்டாரத்தில் அக்காலத்தில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த நம் முன்னோர் பலர் அந்தத் தோட்டங்களில்தான் கரும்பு வெட்டினார்கள். ஆகவே கிரியான் என்ற பெயர் நமக்கும் அந்நியமானதல்ல.

நம் நாட்டின் முதல் பெரிய நீர்ப்பாசனத் திட்டம் அதுதான். இன்றைக்கும் ஏறக்குறைய 24,000 ஹெக்டர் நெல் வயலுக்கு அந்த ஏரி தண்ணீர் தருகிறது. ஏக்கரில் சொன்னால் அறுபதாயிரம் ஏக்கர் வரும். வீடுகளுக்குப் போகும் குழாய்த் தண்ணீரும் அங்கிருந்து எடுக்கப்படுகிறது.

இதையெல்லாம் உல்லாசப் பயணம் போகிறவர் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நம் லயத்துத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் எல்லா வீட்டிலும் குழாயைத் திறந்தால் தொட்டியில் மட்டம் இறங்கிவிடும் அல்லவா? அந்த ஏரியும் அப்படித்தான். நடவுக்கு முன் வயலை ஊறவைத்துச் சேறாக்க நிறையத் தண்ணீர் வேண்டும். அப்போது மதகுகளைத் திறந்து வாய்க்கால்களில் விடுவார்கள். ஏரி இறங்கும். மலையில் மழை கொட்டினால் மறுபடி ஏறும். இன்னொரு விஷயமும் இருக்கிறது. புக்கிட் மேரா ஆழம் குறைந்த ஏரி. பரந்த தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தது போல. மட்டம் சில அடி இறங்கினாலும் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிவிடும். ஆகவே போன வருடம் நீங்கள் பாய் விரித்து உட்கார்ந்த கரை இந்த வருடம் அதே இடத்தில் இருக்காது.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. 2016ஆம் ஆண்டின் வறட்சியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை ஒரு நீர்த்தேக்கத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். தண்ணீர் வற்றி, கரையோரம் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பார்ப்பதற்குத் திடல் போலவே இருந்தது. ஓடி விளையாடுங்கள் என்று நானே சொன்னேன். ஒரு பையன் கொஞ்சம் தள்ளி ஓடினான். மேலே காய்ந்திருந்த ஏடு உடைந்து, முழங்காலுக்கு மேல் சேற்றில் இறங்கிவிட்டான். காலை இழுக்க இழுக்க மேலும் புதைந்தான். அருகில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மலாய்ப் பெரியவர் ஒருவர், "அசையாதே, பின்னால் சாய்ந்து படு!" என்று கத்தினார். படகிலிருந்த பலகைகளைச் சேற்றின்மேல் போட்டு, அதன்மேல் தாமும் படுத்துக்கொண்டே ஊர்ந்து போய், பையனின் அக்குளில் கைகொடுத்து இழுத்தார். காலணி இரண்டும் சேற்றோடு போயிற்று. பையன் வந்துவிட்டான். அவன் அம்மாவிடம் அன்று மாலை நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே சொல்ல வேண்டாம். பையனைக் குறை சொல்லவில்லை, அது மட்டும் நிச்சயம்.

நம் பிள்ளைகள் தோட்டத்து ஆற்றில் குதித்துப் பழகியவர்கள். அந்தத் தைரியம் ஏரியில் உதவாது. ஆற்றில் நீரோட்டம் கண்ணுக்குத் தெரியும். தேக்கத்தில் மேலே அசைவில்லாமல் இருக்கும், அடியில் பள்ளமும் பழைய அடிமரமும் கிடக்கும். நீர்க்கொடிகள் காலைச் சுற்றும். மதகின் அருகே தண்ணீர் உள்ளே இழுக்கும். அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் இறங்க வேண்டாம். சிறு பிள்ளைகள் இறங்கினால் பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். நீரில் மூழ்குகிறவர் சினிமாவில் காட்டுவதுபோல் கூச்சலிடுவதில்லை. வாய் தண்ணீருக்குள் இருக்கும்போது எப்படிக் கூப்பிடுவது? சத்தமே இல்லாமல் போய்விடும். படகில் ஏறினால் மிதவைச் சட்டையை மடியில் வைத்துக்கொள்ளாமல் போட்டு வாரைக் கட்டுங்கள்.

யாராவது தத்தளித்தால் உடனே குதித்துவிடாதீர்கள். காப்பாற்றப் போனவரையும் சேர்த்து இரண்டு பேரை இழந்த குடும்பங்கள் உண்டு. கயிறு, நீண்ட கொம்பு, மூடிய காலி எண்ணெய் டின், முறுக்கிய சேலை என எது கிடைத்தாலும் நீட்டுங்கள், வீசுங்கள். 999க்கு அழையுங்கள். கரைக்குக் கொண்டுவந்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டித் தண்ணீர் எடுப்பது நம்மவரின் பழைய வழக்கம். அதில் நேரம்தான் வீணாகும். மூச்சு நின்றிருந்தால் மூச்சைக் கொடுத்து, மார்பை அழுத்துவதுதான் உயிர் காக்கும். அந்த முதலுதவியை ஒரு நாள் உட்கார்ந்து கற்றுக்கொண்டால் கற்றுக்கொள்ளலாம்.

காலில் புண்ணோ வெட்டுக்காயமோ இருந்தால் அன்றைக்குக் கரையிலேயே இருங்கள். எலியின் சிறுநீர் கலந்த நீர் புண் வழியாக உடம்புக்குள் போனால் எலிக்காய்ச்சல் வரும். ஏரிக்குப் போய்வந்து ஓரிரு வாரத்தில் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால், மருத்துவரிடம் ஏரிக்குப் போனதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

காலையிலேயே போய்விடுவது நல்லது. தைப்பிங் பக்கத்து மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானத்துக்கு மேல் மேகம் கறுத்து இடி கேட்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு படகை விட்டு இறங்கிவிடுங்கள். மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ போங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்ல அங்கே ஒரு நல்ல கதை உண்டு. கெலிசா என்னும் பொன்னிற மீன் புக்கிட் மேராவின் பெருமை. பெண்மீன் முட்டையிட்டதும் ஆண்மீன் அவற்றை வாயில் எடுத்துக்கொள்ளும். குஞ்சுகள் தாமாக நீந்தும்வரை அது இரை தின்னாமல் காக்கும். எங்கள் வகுப்பில் இதைச் சொன்னபோது பெண்பிள்ளைகள்தாம் அதிகம் சிரித்தார்கள். இந்த மீன் அருகிப் போய்க்கொண்டிருப்பதால் இதன் விற்பனைக்கு உலக நாடுகள் கட்டுப்பாடு விதித்திருக்கின்றன.

ஏரிக்கு இன்னொரு நோயும் உண்டு. மேட்டு நிலங்களில் காட்டை அழித்து மண்ணைத் திறந்து விடும்போது மழை அந்த மண்ணை ஆற்றில் சேர்க்கிறது. ஆறு ஏரியில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. ஆழம் குறைந்த ஏரி மேலும் குறைகிறது. இளஞ்செம்பனைக்கு நடுவே தரையை மூடும் கொடியைப் படர விடுகிறோமே, அது மண்ணைப் பிடித்து வைப்பதற்காகத்தான். வேலைக்காட்டில் அந்தக் கொடியை வெட்டாமல் ஒதுக்கி நடப்பவர் கிரியான் வயலுக்குத் தண்ணீர் சேமித்துக் கொடுக்கிறார் என்றே நான் நினைக்கிறேன்.

வேன் வாடகைக்குப் பணம் இல்லையே என்கிற குடும்பங்களுக்கு எளிய வழி ஒன்று சொல்கிறேன். தைப்பிங்கில் பட்டர்வொர்த் போகும் கொமுட்டர் ரயிலில் ஏறிப் பாகான் செராய்க்குச் சீட்டு வாங்குங்கள். இரட்டை இருப்புப் பாதை போட்டபோது ஏரியின் மேலேயே மூன்றரை கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலம் கட்டினார்கள். 2015ஆம் ஆண்டிலிருந்து மின்ரயில்கள் அதன் மேல் ஓடுகின்றன. கமுந்திங் தாண்டியதும் பிள்ளைகளைச் சன்னலோரம் உட்கார வையுங்கள். தண்ணீர் வந்த பிறகு இடம் மாற நேரமிருக்காது. பாலம் கடக்க இரண்டு மூன்று நிமிடங்கள்தான் ஆகும்.