பெட்டி நின்றால்தான் கல் பறக்கும்

1304இல் ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் கோட்டையை இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் முற்றுகையிட்டார். உள்ளே இருந்தவர்கள் சரணடைய முன்வந்தும் அவர் உடனே ஏற்கவில்லை. ‘போர் ஓநாய்’ என்று பெயரிட்டு அப்போதுதான் செய்து முடித்திருந்த ராட்சதக் கவண்பொறியை இயக்கிப் பார்க்காமல் விட அவருக்கு மனம் வரவில்லை. புது பொம்மை ஆசை அரசர்களையும் விடாது போலும்!

ட்ரெபுஷே எனப்படும் இந்தப் பொறி, நம் கிணற்று ஏற்றம் போல அச்சில் ஏறி இறங்கும் நீண்ட மரம்தான். அதன் குட்டை முனையில் மண்ணோ ஈயமோ நிரப்பிய பெட்டி தொங்கும். நெட்டை முனையில் கயிற்றுக் கவண், அதன் பைக்குள் கல்.

பெட்டியின் எடை 5 டன் என்று வைத்துக்கொள்வோம். அதை 4 மீட்டர் உயர்த்தினால் கிட்டத்தட்ட 2 லட்சம் ஜூல் நிலை ஆற்றல் சேரும். பத்துப் பேர் உருளையைச் சுற்றி, கயிற்றால் நெட்டை முனையைக் கீழே இழுத்துப் பெட்டியை உயர்த்த ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அவர்கள் காலையில் தின்ற ரொட்டியின் வேதி ஆற்றல்தான் பெட்டியோடு மேலே போகிறது. அந்த முனையைப் பிடித்திருக்கும் கொக்கியைத் தட்டிவிட்டதும் அத்தனையும் ஓரிரு நொடியில் கொட்டிவிடும்.

எங்கே கொட்டுகிறது என்பதில்தான் சூட்சுமம். விழும் பெட்டியும் சுழலும் மரமும் ஆளுக்குக் கொஞ்சம் இயக்க ஆற்றலை வைத்துக்கொண்டால் கல்லுக்கு மிச்சம்தான் கிடைக்கும். இங்கே கவண் கைகொடுக்கிறது. முதலில் தரையோடு இழுபடும் கல், பிறகு வெளிப்பக்கமாக வீசிச் சுழல்கிறது. அப்போது விறைக்கும் கயிறு மரத்தைப் பின்னோக்கி இழுத்து வேகத்தைக் குறைக்கிறது. மரம் இழக்கும் ஆற்றல் கல்லுக்குப் போகிறது. நன்றாக அமைந்த பொறியில், கல் விடுபடும் கணத்தில் பெட்டி அனேகமாக நின்றுபோயிருக்கும்.

100 கிலோ கல் நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் அதனிடம் 1.25 லட்சம் ஜூல் இருக்கும். போட்டதில் அறுபது சதவீதத்துக்கு மேல் தேறிவிட்டது. பழைய மரப்பொறிக்கு இது அபாரம். மீதி அச்சின் உராய்வில் வெப்பமாகவும், மரத்தின் முனகலாகவும், பெட்டியின் ஆட்டமாகவும் போகிறது.

கவணின் ஒரு நுனி மரத்தோடு கட்டப்பட்டிருக்கும்; மறுநுனி இரும்பு முளையொன்றில் மாட்டப்பட்ட வளையம். முளையை நிமிர்த்தினால் வளையம் சீக்கிரம் நழுவும், கல் உயரே போகும். வளைத்தால் தாமதமாகக் கழன்று தாழப் பாயும். அளவு மீறி வளைத்துவிட்டால், சேர்த்துவைத்த ஆற்றலெல்லாம் பொறிக்கு முன்னாலேயே தரையில் குழி பறிக்கும்.