அரை மில்லிமீற்றர் இடைவெளி

திருக்கோணமலைக்கு வரும் யாத்திரிகர் எவரும், கோணேசர் ஆலயத்தைத் தரிசித்தபின், சுவாமிமலையின் விளிம்பிலே கடலை நோக்கிப் பிளந்து கிடக்கும் இராவணன் வெட்டை எட்டிப் பாராமல் திரும்புவதில்லை. மலையையே வாளால் வகிர்ந்ததாக ஐதிகம் சொல்லும் அந்தப் பெரும் பிளவைப் பற்றி எழுதுவதற்குப் பலர் இருக்கிறார்கள். நான் எழுதப் புகுந்தது, அம்மலையடிவாரத்து வீதிகளிலே நாள்தோறும் ஓடும் கார்களின் உள்ளே ஒளிந்திருக்கிற, ஏழெட்டுத் தலைமயிர்களை அடுக்கி வைத்தால் நிரம்பிவிடக்கூடிய வேறோர் இடைவெளியைப் பற்றி.

வைகாசி பிறந்துவிட்டால் எங்கள் துறைமுகப் பட்டினத்தின் சுபாவமே மாறிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றானது, மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தான் சுமந்து வந்த ஈரத்தையெல்லாம் மழையாகச் சொரிந்துவிட்டு, வெறுங்கையோடு மலையைக் கடந்து, கிழக்குத் தாழ்நிலத்தை நோக்கி இறங்கும்போது அமுக்கத்தினால் மேலும் சூடேறி, கீழ்க்கரையார் கச்சான் என்று பெயரிட்டழைக்கும் அனற்காற்றாக வந்து வீசுகிறது. நண்பகலில் வீதியோரம் நிறுத்திய காரின் கதவைத் திறப்பவர், போறணையின் வாயிலைத் திறந்தவர் போலப் பின்வாங்குவார். இத்தகைய காலத்திலேதான் என்னுடைய பழைய யப்பானியக் காரின் ஏசி விசித்திரமானதொரு விரதத்தை மேற்கொண்டது. காலை எட்டு மணிக்கு உவர்மலையிலிருந்து புறப்படும்போது குளிர்காற்றைத் தாராளமாக வழங்கும். மதியம் நிலாவெளியிலிருந்து திரும்பும்போது, எந்நேரத்தில் அதன் உதவி இன்றியமையாததோ அந்நேரம் பார்த்து, வெறுங்காற்றை ஊதும்.

முதலில் நான் நாடிய கராஜிலே, “காஸ் குறைஞ்சிட்டுது ஐயா” என்று ஒரே வார்த்தையில் நோயை நிர்ணயம் செய்து, இருந்த வாயுவை வெளியே விட்டுவிட்டுப் புதிதாக நிரப்பிக் கொடுத்தார்கள். மாலை நேரமாகையால் அன்றைக்குக் குளிர்ந்தது. மறுநாள் மதியம் பழைய கதையே. இரண்டாம் முறையும் நிரப்பினார்கள். இரண்டாம் முறையும் அவ்வாறே ஆயிற்று. பிறகு நண்பர் ஒருவரின் சொற்கேட்டு, 2009ஆம் ஆண்டில் பாலம் திறக்கப்படும்வரை பாதை எனப்படும் மிதவையில் ஏறியே கடக்க வேண்டியிருந்த கிண்ணியாக் கரைக்குச் சென்று, ஊரார் எல்லாரும் நானா என்றே அழைக்கும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் காரை ஒப்படைத்தேன். அவர் எந்த மானியையும் உடனே கையிலெடுக்கவில்லை. பொனற்றைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு, நாடி பார்க்கும் பரிகாரியைப் போலத் தலையைச் சாய்த்துக் காதுகொடுத்து நின்றார்.

“ஏசியப் போட்டா ‘டக்’ எண்டு ஒரு சத்தம் வரவேணும் சேர். அது வரயில்ல. காஸில குறையில்ல, கிளச்தான் பிடிக்குதில்ல.”

“அப்ப ரெண்டு தரம் காஸ் அடிச்சது எதுக்கு நானா?”

அவர் சிரித்தாரேயன்றி விடை சொல்லவில்லை. அந்த ‘டக்’ என்ற ஓசைக்குப் பின்னால் இருக்கும் சாஸ்திரத்தைத் தெரிந்துகொண்டால், விடை தானே விளங்கும்.

கச்சான் வீசும் நாளிலே திண்ணையில் வைத்த மண்குடத்து நீர் ஏன் குளிர்கிறது என்பது நம் பாட்டிமாருக்கும் தெரிந்த சங்கதி. குடத்தின் நுண்துளைகள் வழியே கசிந்த நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தை எஞ்சிய நீரிலிருந்தே கவர்ந்துகொண்டு போகிறது. காற்று எவ்வளவுக்கு வரண்டிருக்கிறதோ அவ்வளவுக்குக் குடம் குளிரும். காரின் ஏசியும் இதே தத்துவத்தைத்தான் கையாளுகிறது. ஆனால் குடத்து நீர் போனால் மறுபடி கிணற்றிலே மொண்டுகொள்ளலாம். குளிரூட்டும் வாயுவோ விலைகொடுத்து வாங்கிய சரக்கு, ஆவியான பிறகும் அதைச் சிறைப்பிடித்துத் திரும்பத் திரும்ப வேலை வாங்க வேண்டும். இன்று பெரும்பாலான கார்களில் உள்ள ஆர்-134ஏ என்னும் வாயு, சாதாரண வளிமண்டல அமுக்கத்திலே பூச்சியத்துக்குக் கீழே 26 பாகை செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்த ஆவியை அமுக்கிச் சூடேற்றி, ரேடியேற்றருக்கு முன்னால் உள்ள குழாய்களிலே காற்றுப் படச்செய்து மீண்டும் திரவமாக்குவதற்கு ஒரு யந்திரம் தேவை. அதுவே கொம்பிரசர். அதைச் சுழற்றுவதற்கு வேண்டிய சக்தியை, ஒரு பெல்ட்டின் மூலமாக என்ஜினிடமிருந்தே கடன் வாங்குகிறோம்.

கடன் எப்போதும் வேண்டியதில்லை என்பதில்தான் சிக்கல் பிறக்கிறது. 1939ஆம் ஆண்டின் இறுதியிலே சிக்காகோ மோட்டார்க் கண்காட்சியில் அமெரிக்காவின் பக்காட் கம்பெனியார் குளிரூட்டும் வசதியுள்ள காரை முதன்முதலாக உலகத்துக்குக் காட்டியபோது, கொம்பிரசரை என்ஜினிலிருந்து பிரித்துவிடும் உபாயம் எதுவும் அதில் இருக்கவில்லை. என்ஜின் ஓடும்வரை கொம்பிரசரும் ஓடிக்கொண்டேயிருக்கும். குளிர் போதுமென்று தோன்றினால், காரை நிறுத்தி இறங்கி, பொனற்றைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்றிவிட வேண்டும்! பெருந்தனவந்தர்கள் வாங்கிய வாகனத்திலே இப்படியொரு தொல்லை. மின்காந்தக் கிளச் கொம்பிரசரின் மூக்கில் வந்து அமர்ந்த பிறகே, ஓட்டுநரின் விரல்நுனிக்கு அந்த அதிகாரம் கிடைத்தது.

அதன் அமைப்பு எளியது. பெல்ட் ஓடும் கப்பி, கொம்பிரசரின் அச்சோடு சம்பந்தமில்லாமல், தன் பெயாரிங்கின் மீது எந்நேரமும் சும்மா சுழன்றுகொண்டிருக்கிறது. அச்சின் நுனியிலே ஓர் இரும்புத் தட்டு பூட்டப்பட்டு, கப்பியின் முகத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. கப்பிக்குப் பின்னால், அசையாமல், செப்புக் கம்பியைச் சுற்றிய வட்டமான சுருள் ஒன்று இருக்கிறது. இதைத்தான் கராஜ்களிலே கொயில் என்கிறார்கள். கோணேசர் வாழும் ஊரிலே, கோயிலுக்கும் கொயிலுக்கும் இடையே ஒரு நெடிலே வித்தியாசம் என்று நானா வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஏசியின் பொத்தானை அழுத்தியதும் சுருளில் மின்னோட்டம் பாய்கிறது, சுருள் காந்தமாகிறது, அக்காந்தம் கப்பியின் இரும்பை ஊடுருவி வந்து தட்டை ‘டக்’கென்று இழுத்துக் கப்பியோடு ஒட்டவைக்கிறது, அந்தக் கணமே அச்சும் சுழலத் தொடங்குகிறது. மின்னோட்டம் நின்றதும், தட்டிலுள்ள சுருள்வில்லோ றப்பரோ அதனைப் பழைய ஸ்தானத்துக்கு இழுத்துக்கொள்கிறது.

இந்த ஜாலத்தின் மூலபுருஷர் வில்லியம் ஸ்டர்ஜன் என்னும் ஆங்கிலேயர். மின்னோட்டம் காந்த ஊசியை அசைக்கும் என்று டென்மார்க்கைச் சேர்ந்த ஏர்ஸ்டெட் 1820இல் கண்டறிந்ததன்பின் ஐந்தாண்டுகள் கழியுமுன்னரே, இவர் லாடம்போல வளைத்த இரும்புத் துண்டொன்றிலே கம்பியைச் சுற்றி மின்னோட்டத்தைச் செலுத்தி, 200 கிராம் எடையுள்ள அவ்விரும்பினால் 4 கிலோகிராம் பாரத்தைத் தூக்கிக் காட்டினார். மின்னோட்டத்தை நிறுத்தியதும் பாரம் கீழே விழுந்தது. வேண்டும்போது பற்றி, வேண்டாதபோது விட்டுவிடும் அந்தக் காந்தத்தின் வாரிசே இன்றைக்கு நம் காரில் இருப்பது.

அவ்வாறாயின், காலையில் பற்றிய காந்தம் மதியத்தில் ஏன் பற்றவில்லை? சிறிது கணக்குப் பார்ப்போம். இத்தகைய சுருளின் தடை வழக்கமாக 3 முதல் 4 ஓம் வரையில் இருக்கும். 4 ஓம் என்று கொண்டால், 12 வோல்ற்று பற்றறியிலிருந்து அதில் 3 அம்பியர் பாயும். செப்பின் தடையோ உஷ்ணம் ஒரு பாகை ஏறுந்தோறும் நூற்றுக்கு ஏறக்குறைய 0.4 வீதம் கூடும். ஓடிச் சூடேறிய என்ஜினுக்கு அருகிலே, கச்சான் வெயிலில், சுருள் காலையில் இருந்ததைவிட 80 பாகை அதிகமாகக் காய்ந்துவிட்டதென்றால், தடை மூன்றில் ஒரு பங்களவு உயர்ந்து, மின்னோட்டம் 2.3 அம்பியருக்கு இறங்கிவிடும். காந்தத்தின் இழுவிசை மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், அது ஐந்தில் மூன்று பங்காகக் குன்றும். அதே வேளையில், ஆண்டுக்கணக்காக ஒட்டியும் விலகியும் உராய்ந்த தட்டின் முகம் தேய்ந்து, ஆதியில் அரை மில்லிமீற்றருக்குட்பட்டிருந்த இடைவெளி இருமடங்காகி விட்டதென்றால், இழுவிசை மேலும் நாலில் ஒன்றாக வீழ்ந்துவிடும். காலையிலே எப்படியோ எட்டிப்பிடித்த காந்தத்துக்கு மதியத்தில் கை எட்டவில்லை, வேறொன்றுமில்லை.

நானா அதை ருசுப்படுத்திய விதம் ரசிக்கத்தக்கது. முதலில் கொயிலுக்குச் செல்லும் கம்பியிலே 12 வோல்ற்று வருகிறதா என்று பார்த்தார், வந்தது. வாயு மிகக் குறைந்திருந்தால், கொம்பிரசர் எண்ணெயின்றி வறண்டு போகாதபடி காவல் காக்கும் அமுக்க ஆளி அந்த மின்சாரத்தை வழியிலேயே தடுத்திருக்கும் என்பதால், மின்சாரம் வந்து சேர்ந்ததே வாயுவின் சார்பில் ஒரு சாட்சியாயிற்று. பிறகு, என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, நீண்டதொரு மரப்பிடியின் நுனியால், சுழலாமல் நின்ற அந்தத் தட்டை மெல்ல உள்நோக்கித் தள்ளினார். ‘டக்’! கொம்பிரசர் ஓடத் தொடங்கியது. சில நிமிஷங்களில் காருக்குள்ளே குளிர் பரவியது. இடைவெளி மூடிவிட்டால், பலவீனமான காந்தமும் பற்றியதை விடாது. கைதேர்ந்தவர்கள் செய்யும் இந்தப் பரீட்சையை, ஓடும் பெல்ட்டின் அருகே நம்மைப் போன்றவர்கள் முயலலாகாது.

இடைவெளி மட்டும் கூடியிருந்த நிலையிலேயே அகப்பட்டிருந்தால், செலவு ஏதுமின்றி நோய் தீர்ந்திருக்கும். தட்டுக்கும் அச்சுக்கும் நடுவே காகிதம்போன்ற மெல்லிய உலோக வளையங்களை வைத்தே இடைவெளியை நிர்ணயிக்கிறார்கள். அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டால் தட்டு கப்பியை நெருங்கிவிடும். ஆனால் என் விஷயத்தில் காலம் கடந்துவிட்டது. வாயு நிரப்பி நிரப்பி ஓட்டிய மாதங்களிலே, அரைகுறையாகப் பற்றி வழுக்கிய தட்டு, உராய்வுச் சூட்டினால் நீலம்பாரித்திருந்தது. பெயாரிங்கின் கிரீஸ் கருகி, கப்பி முனகியது. கொயிலின் மேற்பூச்சும் வெந்து வெடித்திருந்தது. சில கொயில்களிலே, இவ்வாறு அளவுமீறிச் சூடேறினால் தானே உருகித் தொடர்பை அறுத்துக்கொள்ளும் சிறு உருகி ஒன்றும் உள்ளே இருக்கும். அத்தகைய கொயில் செத்ததென்றால், அது நோயன்று, நோயின் அறிகுறி. இடைவெளியைக் கவனியாமல் கொயிலை மட்டும் மாற்றுபவர், அதை மறுபடியும் மாற்றவே வேண்டியிருக்கும்.

கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்து கிளச்சும் கப்பியும் கொயிலும் இரவு பஸ்ஸிலே வந்து சேர்ந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டு வரையில் வழி திறவாமலிருந்த அந்த ஐந்தாண்டுகளிலே, பழையதைப் பழுதுபார்த்துப் பாவிக்கும் வித்தை இந்நாட்டின் கராஜ்களில் செழித்து வளர்ந்ததென்றே சொல்ல வேண்டும். நானா பெல்ட்டைத் தளர்த்தினார். முதலில் தட்டைக் கையால் திருப்பி, கொம்பிரசரின் உட்புறம் இறுகாமல் இலகுவாகச் சுழல்கிறதென்று உறுதிசெய்துகொண்டார். அது இறுகியிருந்தால் புதுக் கிளச்சும் வீணே. நடுமரையைக் கழற்றி, சுத்தியலால் தட்டாமல், இழுவை கொண்டு தட்டை வெளியே எடுத்தார். தட்டினால் அச்சைச் சுற்றியுள்ள வாயுத்தடுப்பு பழுதாகிவிடும் என்றார். அதன்பின் வளையப்பூட்டை விரித்துக் கப்பியையும், இன்னொரு வளையப்பூட்டை விரித்துக் கொயிலையும் நீக்கினார். கடற்காற்று ஏற்றிய கறளைச் சுரண்டித் துடைத்தார். புதுக் கொயிலின் முனையை அதற்குரிய குழியிலே பொருத்தி, கழற்றிய வரிசைக்கு நேர்மாறாக யாவற்றையும் பூட்டிவிட்டு, மெல்லிய அளவுத் தகடுகளைச் செருகி, தட்டைச் சுற்றி மூன்று இடங்களிலே இடைவெளியை அளந்தார். ஓரிடத்தில் கூடிற்று. மறுபடி கழற்றி, ஒரு வளையத்தை எடுத்துவிட்டுப் பூட்டினார். பிறகு ஏசியைப் பத்துப் பன்னிரண்டு முறை போட்டும் நிறுத்தியும், புதிய முகங்கள் இரண்டும் ஒன்றையொன்று பழகிக்கொள்ளச் செய்தார்.

இத்தனை காரியமும் நடந்தபோது, வாயு செல்லும் குழாய் ஒன்றையேனும் அவர் திறக்கவில்லை. கிளச்சும் கொயிலும் அந்த மூடிய மார்க்கத்துக்கு வெளியே இருப்பவை; அவற்றை மாற்ற ஒரு கிராம் வாயுவும் வெளியேற வேண்டியதில்லை. இதன் முக்கியத்துவம் பணத்தோடு முடிவதன்று. ஓசோன் படலத்தை அரித்த பழைய ஆர்-12 வாயுவை 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை விலக்கியது. இலங்கையும் 1989இல் அதில் சேர்ந்துகொண்டது. அதன் ஸ்தானத்துக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கு செய்யாதெனினும், நூறாண்டுக் கணக்கில், சமஎடை கரியமிலவாயுவைப்போல் ஏறக்குறைய 1,400 மடங்கு பூமியைச் சூடாக்கும் வல்லமை உடையது. சிறிய காரொன்றில் இருப்பது சுமார் அரைக் கிலோகிராம். அதை வெளியே விடுவது 700 கிலோகிராம் கரியமிலவாயுவை விடுவதற்கு, அதாவது 300 லீற்றர் பெற்றோலை எரித்துத் தள்ளுவதற்குச் சமானம்.

எரிபொருள் தட்டுப்பாடு நிலவிய 2022ஆம் ஆண்டிலே, கியூஆர் அட்டையைக் கையிலேந்தி வரிசையில் நின்று, காருக்கு வாரம் 20 லீற்றர் வாங்கிய நாட்களை நாம் மறந்திருக்கமாட்டோம். அந்தக் கணக்கின்படி, என் கண்முன்னே ‘உஸ்’ஸென்று இரண்டு முறை வெளியேறிய வாயு, முப்பது வாரப் பங்கீடு. வேண்டியிருந்ததோ ஒரு வளையத்தை எடுத்துவிடுவது மாத்திரமே. நானா கடைசியில் எடுத்த அந்த வளையத்தை நான் கேட்டு வாங்கி வந்தேன். மேசைமேல் வைத்தால் கச்சான் அடித்துக்கொண்டு போய்விடும். ஆகையால் ஒரு புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.