பாரிசவாதம்: வாவிக்கரையின் நாலரை மணி நேரம்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை, படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒருவருக்குக் கை கால் விளங்காமல் போனால், மண்முனைத்துறையில் ‘பாதை’ என்னும் கடத்துப் படகு வரும்வரை காத்து நிற்க வேண்டும். இல்லையென்றால் வலையிறவு வழியாகச் சுற்ற வேண்டும். மூளையின் பெரிய இரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன என்பது, அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006இல் போட்ட கணக்கு.

இன்று பாலம் இருக்கிறது. 1990ஐ அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வருகிறது. தாமதம் இப்போது பெரும்பாலும் வீட்டுக்குள்தான். வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால், எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், விடியட்டும் என்கிறார்கள்.

மூளையின் இரத்தக்குழாய் வெடித்தும் பாரிசவாதம் வரும், அடைபட்டும் வரும். அடைபடுவதே அதிகம். 32 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஸ்ட்ரோக்’ ஆய்வு, பத்தில் ஒன்பது பாரிசவாதங்களுக்குத் திருத்தக்கூடிய பத்துக் காரணிகளே பின்னணி என்று 2016இல் காட்டியது. முதலாவது பிரஷர், ஏறத்தாழப் பாதிப் பங்கு அதற்கே. சீனி வருத்தம், புகை, மது, கொழுப்பு, தொந்தி, மன அழுத்தம் எல்லாம் அதற்குப் பின்னால்தான். பிரஷருக்கு நோவு இல்லை. அதனால் கிளினிக்கில் கொடுத்த குளிசை, சுகமாயிருக்கிறதென்ற எண்ணத்தில் பாதியில் நின்றுவிடுகிறது. கருவாட்டு உப்பு மட்டும் நிற்பதில்லை.

பாரிசவாதம் வந்த பிறகு அது எவ்வளவு கடுமை என்பது வேறு கணக்கு. கண்ணசைவு, முகம், கை கால், பேச்சு, உணர்ச்சி என்று சோதித்து மருத்துவர்கள் 0 முதல் 42 வரை புள்ளி இடுகிறார்கள். 4 வரை இலேசு. 21ஐத் தொட்டால் மிகக் கடுமை. பிரஷரும் சீனியும் அரித்த நுண்குழாய் அடைபட்டவர் பல வேளை ஊன்றி நடக்கும் அளவுக்குத் தேறிவிடுவார். இருதயம் ஒழுங்கின்றித் துடித்து, அங்கே உறைந்த கட்டி மேலேறினால் பெரிய குழாயையே அடைத்துவிடும். பாதி உடம்பும் பேச்சும் ஒருமிக்கப் போகலாம். அந்தத் தாறுமாறான துடிப்பை நாடி பிடித்தாலே சந்தேகிக்கலாம். வயதானவர்களுக்கு ஒவ்வொரு கிளினிக்கிலும் அதைப் பார்த்தே ஆகவேண்டும்.

உறைகட்டியைக் கரைக்கும் ஊசியை வழமையாக நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். அதற்கு முன் சீ.ரீ. ஸ்கேன் எடுத்து, இரத்தக் கசிவு இல்லையென்று உறுதி செய்யவேண்டும். கசிவிருக்க ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் அஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். தேத்தண்ணீரும் பருக்கக் கூடாது. விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குள் இறங்கும்.

மருத்துவர் முதலில் கேட்பது நேரத்தை. இரவு ஒன்பது மணிக்கு நல்லாயிருந்து படுத்தவர் விடிய ஐந்துக்கு எழும்பமுடியாமல் கிடந்தால், கணக்கு ஒன்பதிலிருந்தே தொடங்கும். அந்த நேரத்தைச் சொல்லத் தெரிந்த ஒருவர் அம்புலன்ஸில் கூடவே ஏறவேண்டும், கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் எடுத்துக்கொண்டு.