தொகுத்த காணொளி வெளிவராமல் நிற்பது ஏன்?

கல்லூரிகளில் நடைபெறும் கருத்தரங்குகளும் முதுபெரும் அறிஞர்தம் உரைகளும் இன்று எழுத்தில் மட்டுமன்றிக் காணொளியிலும் பதிவு செய்யப்பெறுகின்றன. முதியவர் ஒருவரின் குரலையும் முகத்தையும் அவர் மறைந்தபின் மீண்டும் பதிவு செய்தல் எவர்க்கும் இயலாது. ஆகவே, எடுத்த பதிவைத் தொகுத்து முழுமையான கோப்பாக வெளிக்கொணரும் பணி பொறுப்பு மிக்கதாகும். அப்பணியின் இறுதிப் படியிலேதான் பலரும் இடர்ப்படுகின்றனர். பல நாள் உழைத்துத் தொகுத்த காணொளி பாதி வழியில் நின்று, பிழைச்செய்தி ஒன்றைக் காட்டுகிறது. அந்நிலை ஏன் நேர்கிறது, அதனை எவ்வாறு களைவது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெளியீடு என்பது யாது?

தொகுப்பாளர் ‘எக்ஸ்போர்ட்’ என வழங்குவதை ஈண்டு ‘வெளியீடு’ என்று குறிப்போம். தொகுப்பு மென்பொருளில் நாம் வெட்டுவதும் ஒட்டுவதும் மூலப்பதிவைத் தீண்டுவதில்லை. எந்த நொடி முதல் எந்த நொடி வரை காட்ட வேண்டும், எங்கே எழுத்து வர வேண்டும் என்னும் கட்டளைகளே திட்டக்கோப்பில் எழுதப்படுகின்றன. வெளியீட்டின்போதுதான் கணினி அக்கட்டளைகளை வரிசையாகப் படித்து, ஒவ்வொரு படச்சட்டத்தையும் புதிதாக உருவாக்குகிறது.

அவ்வுழைப்பின் அளவை ஒரு கணக்கால் உணரலாம். நொடிக்கு 25 சட்டங்கள் எனின், ஒரு மணி நேரக் காணொளியில் 90,000 சட்டங்கள் உள்ளன. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரு சட்டம், சுருக்கப்படாத நிலையில் ஏறத்தாழ 62 இலட்சம் பைட்டுகளைக் கொள்ளும். முழுவதையும் அவ்வாறே வைத்தால் 560 ஜிகாபைட் அளவுக்கு இடம் வேண்டும். எச்.264 போன்ற சுருக்கமுறை அதனை 4.5 ஜிகாபைட் அளவுக்குக் குறைத்துத் தருகிறது. 2003இல் வகுக்கப்பட்ட இம்முறையே இன்றும் பெருவழக்காக உள்ளது.

எனவே வெளியீடு நான்கு செயல்களைக் கொண்டது எனலாம். மூலத்தைப் படித்தல், சட்டத்தை வரைதல், சுருக்குதல், வட்டில் எழுதுதல் என்பன அவை. வெளியீடு தடைப்படுமாயின், பெரும்பாலும் இந்நான்கனுள் ஒன்றிலேதான் குறை இருக்கும்.

நால்வகைக் குறைகள்

முதலாவது, மூலத்தில் உள்ள குறை. பதிவுக் கோப்பு இடம் மாற்றப்பட்டிருக்கலாம். பென் டிரைவ் பிடுங்கப்பட்டிருக்கலாம். கோப்பின் ஒரு பகுதி சிதைந்திருக்கலாம். மேலும், கைப்பேசிகள் பலவும் நொடிக்கு இத்தனை சட்டம் என ஒரே சீராகப் பதிவதில்லை. அதனால் உதடும் ஒலியும் பொருந்தாமல் போவதுண்டு. அத்தகைய பதிவுகளைச் சீரான வேகத்திற்கு மாற்றிய பின்னர்த் தொகுத்தல் நலம்.

இரண்டாவது, வரைதலில் உள்ள குறை. 3840க்கு 2160 புள்ளிகள் கொண்ட ஒரு சட்டத்தை உயர்நுட்பக் கணக்கீட்டில் வைத்துக்கொள்ள ஏறத்தாழ 133 மெகாபைட் நினைவகம் தேவை. இரைச்சல் நீக்கம் போன்ற வேலைப்பாடுகள் ஒரே நேரத்தில் பல சட்டங்களை ஏந்தி நிற்பன. ஆதலின் வரைகலை அட்டையின் நினைவகம் நிரம்பிவிடுகிறது. அவ்வேலைப்பாட்டை நீக்கியோ, வரைதலை அட்டையினின்று மையச் செயலகத்திற்கு மாற்றியோ பார்த்தால் உண்மை விளங்கும்.

மூன்றாவது, சுருக்குதலில் உள்ள குறை. வரைகலைச் சில்லிலேயே அமைந்த சுருக்குகருவி விரைவானது. ஆயின் அதனை இயக்கும் டிரைவர் மென்பொருள் பழுதுற்றால் வெளியீடு நின்றுவிடும். மென்பொருள்வழிச் சுருக்கத்தைத் தேர்ந்தால் காலம் கூடுதலாகும். எனினும் பணி முடியும். படத்தின் அகலமோ உயரமோ ஒற்றைப்படை எண்ணாக அமைந்தாலும் எச்.264 வெளியீடு மறுக்கப்படுவதுண்டு. வழக்கமான வண்ணச் சுருக்கம் புள்ளிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கொள்வதே அதன் காரணம்.

நான்காவது, எழுதுமிடத்தில் உள்ள குறை. வட்டில் இடம் போதாமை யாவரும் அறிந்ததே. பலர் அறியாதது வேறொன்றுண்டு. பென் டிரைவ்கள் பலவும் ஃபேட் 32 என்னும் அமைப்பில் உள்ளன. அதில் ஒரு தனிக்கோப்பு ஏறத்தாழ 429 கோடி பைட்டுகளைத் தாண்ட இயலாது. ஒலியும் ஒளியும் சேர்ந்து நொடிக்கு 10 மெகாபிட் எனின், ஒரு மணி நேரக் காணொளிக்கு 450 கோடி பைட்டுகள் வேண்டும். எனவே வட்டில் இடம் எவ்வளவு மிகுதியாக இருப்பினும், 57 நிமிடப் பகுதியைக் கடந்ததும் எழுதுதல் நின்றுவிடும். கணினியின் உள்வட்டிலேயே வெளியிட்டு, பின்னர் எக்ஸ்ஃபேட் அமைப்புடைய வட்டில் படியெடுத்தலே இதற்குத் தீர்வு. அமைப்பை மாற்றும்போது அவ்வட்டில் உள்ளவை யாவும் அழியும் என்பதை மறத்தல் ஆகாது. விண்டோஸ் கணினியில் கோப்பின் பெயரில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி போன்றவை இடம்பெறலாகாது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

நின்ற இடமே சான்று

நோய் இன்னதென்றும் அதன் காரணம் இன்னதென்றும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்க என்பது ‘மருந்து’ அதிகாரத்தில் வள்ளுவர் வற்புறுத்தும் நெறி. ஈண்டும் அந்நெறியே பொருந்தும். தொடங்கியவுடன் நின்றால் அமைப்புகள், கோப்பின் பெயர், சுருக்குகருவி ஆகியவற்றை ஐயுறுக. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால், அவ்விடத்து மூலத்தையோ வேலைப்பாட்டையோ நோக்குக. முறைக்கு ஓரிடத்தில் நின்றால், நினைவகக் குறைவு, மிகுவெப்பம், டிரைவர் ஆகியவற்றை ஆய்க. கோப்பு ஒரே அளவை எட்டியதும் நின்றால், எழுதுமிடமே காரணமாதல் கூடும்.

நின்ற இடம் புலப்படாவிடின் பாதியாக்கும் முறை கைகொடுக்கும். முதற்பாதியை மட்டும் வெளியிடுக. அது நிறைவுற்றால் குறை பிற்பாதியில் உள்ளது எனக் கொண்டு, அப்பாதியை மீண்டும் இரண்டாகப் பகுத்துச் சோதிக்க. இவ்வாறு 6 முறை பகுத்தால், 60 நிமிடக் காணொளியில் குறையுள்ள பகுதி ஒரு நிமிடத்திற்குள் அடங்கிவிடும். அவ்விடத்து ஒரு துணுக்கை மட்டும் வேறு வடிவிற்கு மாற்றிச் சேர்த்தால் போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்த்தல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால் எதனால் குறை நீங்கிற்று என்பது விளங்காது.

செய்யலாகாதன

வெளியீடு தடைப்பட்ட பதற்றத்தில், இடம் வேண்டி மூலப்பதிவுகளை அழிப்போர் உளர். இஃது ஈடுசெய்ய இயலாத இழப்பாகும். பாதியில் நின்ற எம்பி4 கோப்பு திறக்கப்படாதது கண்டு, பதிவே கெட்டுவிட்டது என அஞ்சுவோரும் உளர். அவ்வகைக் கோப்பின் பொருளடக்கம் பெரும்பாலும் இறுதியிலேயே எழுதப்படும். அது எழுதப்படுமுன் பணி நின்றமையால்தான் கோப்பு திறப்பதில்லை. கெட்டது புதிய கோப்பே; மூலம் இருந்தவாறே இருக்கும்.

வெளியீடு நிறைவுற்றபின், தொடக்கம் முதல் இறுதிவரை ஒலியுடன் ஒருமுறை பார்த்தல் கடமையாகும். மூலப்பதிவையும் திட்டக்கோப்பையும் இருவேறு வட்டுகளில் காத்தல் வேண்டும். தடைப்பட்ட வெளியீட்டை நூறு முறையேனும் மீண்டும் தொடங்கலாம்; மறைந்துபோன ஒருவரின் உரையை மற்றொரு முறை பதிவு செய்ய இயலாது. ஆதலின், மென்பொருள் கற்கும் மாணவர் முதற்கண் கற்க வேண்டுவது மூலத்தைக் காக்கும் வழக்கமேயாகும்.