சட்டையில் காய்த்த பட்டாணி

சட்டையில் பூ பூப்பது வழக்கம்தான். பட்டாணி காய்க்குமா? 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்துச் சீமாட்டிகளின் மேல்சட்டையிலும் தலைக்குல்லாயிலும் காய்த்தது!

வெள்ளை லினன் துணியில் ஸ்ட்ராபெரி, ரோஜா, நடுவே பட்டாணிக்காய். காயின் தோலுக்குக் காஜாத் தையல் மாதிரி ஒரு தையல். ஓரத்தில்தான் ஊசி துணிக்குள் இறங்கும். அதன்பின் வளையத்துக்குள் வளையமாக, துணியைத் தொடாமலே பட்டு நூல் ஓடும். அதனால் சிலவற்றில் தோலை நகத்தால் மெல்லத் தூக்கலாம். உள்ளே வரிசையாகப் பட்டாணி மணிகள். தைத்தவரின் பொறுமையைச் சொல்வதா, கண்பார்வையைச் சொல்வதா!

மாதிரிக்குப் பெரிதும் கைகொடுத்தவை மூலிகை நூல்களின் மரக்கட்டை அச்சுப் படங்கள். முன்னர் புளோரிடாவுக்குக் கப்பலேறிப் போய்வந்த பிரெஞ்சு ஓவியர் ஜாக் லெ முவான், 1586-இல் லண்டனில் செடி, கனி, விலங்குப் படங்களைத் தொகுத்து ஒரு புத்தகமே போட்டார். எம்பிராய்டரிக்காரர்கள் போன்ற கைவினைஞர்களுக்காகவே வந்த புத்தகம் அது. படத்தின் கோட்டில் வரிசையாகத் துளை குத்தி, மேலே கரித்தூள் தட்டினால் செடி துணியில் இறங்கிவிடும். படம் எடுக்க வந்த ஊசியே புத்தகங்களுக்கு எமனாகவும் ஆனது. லெ முவானின் புத்தகத்தில் இன்று மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடிய பிரதிகள்தான்.