பழைய உழவு இயந்திரம் வாங்குமுன்...

இடம்பெயர்ந்து திரும்பும் குடும்பம் தன் வளவில் முதலிற் காண்பது பற்றைக்காடு. வேலி இராது. கிணற்றடி மூடிக் கிடக்கும். துப்புரவாக்கி உழுவதற்குக் கூலிக்கு மெசின் தேடினால், மழை பெய்த மறுநாள் ஊரில் எல்லோருக்கும் அது ஒரே நேரத்தில் வேண்டியிருக்கும். எமது முறை வருமுன் நிலத்தின் ஈரம் போய்விடும். அப்போதுதான், "பழைய மெசின் ஒன்றை நாங்களே வாங்கினால் என்ன?" என்ற எண்ணம் பிறக்கிறது.

எண்ணம் தவறல்ல. ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் காப்பையோ தாலிக்கொடியையோ அடகு வைத்து எடுக்கும் பணம். மெசின் கொட்டிலில் நின்றுவிட்டால் நகையும் போகும், போகமும் போகும். ஆகவே விலை பேசுமுன் சில விடயங்களைச் சிந்திப்போம்.

வேலையை முதலிற் கணக்கிடுங்கள்

வளவு ஓரிரு ஏக்கர்தான், எரு, விறகு, மணல் ஏற்றுவதும் மரங்களுக்கிடையே உழுவதுமே வேலை என்றால், இரு சில்லு உழவு இயந்திரமே போதும். தென்னை, பனைகளுக்கிடையே அது இலகுவாகத் திரும்பும், டீசலும் குறைவு. வயலும் இருந்து, அயலவருக்கும் உழுது கொடுக்க முடியுமென்றால் மட்டும் நாற்சில்லு இயந்திரத்தை நாடுங்கள். 2022 இல் டீசலுக்கு வரிசையில் நின்ற நாட்களையும் நினைவில் வைத்துக் கணக்குப் பாருங்கள்.

எந்த மெசின்?

பழைய நாற்சில்லு இயந்திரங்களில் எமது விவசாயிகள் நன்கறிந்தது மசி பேர்கூசன். இதன் 35 ஆம் இலக்க இயந்திரம் 1957 முதல் 1964 வரையும், அடுத்து வந்த 135 ஆம் இலக்கம் 1964 முதல் 1975 வரையும் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் செய்யப்பட்டன. 35 இன் தொடக்ககால டீசல் இயந்திரங்கள் நான்கு சிலிண்டர் கொண்டவை. ஸ்ராட் பண்ணுவதில் தொல்லை கொடுப்பவை. 1959 முதல் மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் இஞ்சின் பொருத்தப்பட்டது. 135 இலும் மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ்தான். டீசல் பம்பிலிருந்து சிலிண்டர்களுக்குப் போகும் குழாய்களை எண்ணினால் வேறுபாடு தெரிந்துவிடும். மூன்று குழாய் உள்ளதையே தேடுங்கள். இதே வழிவந்த இயந்திரங்களைச் சென்னையில் 1960 இல் தொடங்கப்பட்ட ராஃபே நிறுவனமும் செய்து வருவதால், உதிரிப்பாகம் தேடுவது மற்றப் பழைய மெசின்களைவிட இலகு.

எப்படிப் பார்ப்பது?

காலையிலேயே போங்கள். "நாங்கள் வரும்வரை ஸ்ராட் பண்ண வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். போனதும் இஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று ஐயப்படலாம். சூடான இஞ்சின் எதுவும் இலகுவாக ஸ்ராட் ஆகும்; ஆறிக் கிடப்பது ஸ்ராட் ஆகிறதா என்பதே பரீட்சை.

ஆறியிருக்கும்போதே றேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீரில் ஒயில் மிதக்கக்கூடாது. ஒயில் அளவு கம்பியை இழுத்துப் பாருங்கள். ஒயில் பாற்கோப்பிபோல் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த மெசினை விட்டுவிடுங்கள்.

ஓடவிட்ட பின் புகையைக் கவனியுங்கள். நீலப்புகை ஒயில் எரிவதைக் காட்டும். சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காவிட்டால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குகிறது. ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றும்போது அதனூடாகப் புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்துவிட்டன.

பின்பு கலப்பையைக் கொளுவி உயர்த்திப் பாருங்கள். உயர்த்தியபின் இஞ்சினை நிறுத்துங்கள். கலப்பை மெல்ல இறங்கினால் பரவாயில்லை. உடனே விழுந்தால் செலவு காத்திருக்கிறது. கியர் தானாகக் கழருகிறதா, இரண்டு பிறேக்கும் ஒருசேரப் பிடிக்கின்றனவா, ஸ்ரேறிங் எவ்வளவு ஆடுகிறது என்பவற்றையும் ஓட்டிப் பார்த்தே அறியுங்கள். பின்ரயர் வெடித்திருந்தால் அதன் விலையைக் கழித்தே பேசுங்கள். இவை எல்லாவற்றிற்கும், விற்பவரின் மெக்கானிக்கை அல்ல, உங்களுக்குத் தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

புத்தகம் இல்லாத மெசின்

பதிவுப் புத்தகத்திலுள்ள இஞ்சின் இலக்கமும் சேசி இலக்கமும் இயந்திரத்தில் உள்ளவையும் ஒன்றாக இருக்கவேண்டும். புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்து பெயர் நீக்கப்படும்வரை பணம் கொடுக்க வேண்டாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

"புத்தகம் யுத்தத்தில் தொலைந்துவிட்டது" என்று சிலர் சொல்வார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் 2009 இல் முள்ளிவாய்க்கால்வரை பெட்டியில் பிள்ளைகளையும் வயோதிபரையும் ஏற்றிச்சென்று, இறுதியில் மெசினை அங்கேயே விட்டுவந்த குடும்பங்கள் பல. மலிவாகக் கிடைக்கும் மெசின் அப்படியொரு குடும்பத்தின் சொத்தாக இருக்கலாம். இழப்பின் வலி தெரிந்த நாம் அதை வாங்கலாமா?

உயிர் முக்கியம்

இந்தப் பழைய இயந்திரங்கள் புரண்டால் ஓட்டுபவரைக் காக்கும் சட்டம் இல்லாமல் வந்தவை. மரக்குற்றி இழுக்கும்போது சங்கிலியைத் தாழ்வாக உள்ள இழுவைச் சட்டத்தில் மட்டும் கொளுவுங்கள். உயரக் கொளுவினால் முன்சில்லு கிளம்பி, கண்மூடித் திறப்பதற்குள் மெசின் ஓட்டுபவர்மீது மல்லாந்து விழும். பி.ரி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 தடவை, அதாவது ஒரு விநாடிக்கு ஒன்பது தடவை சுழலக்கூடியது. சாரமோ சேலைத் தலைப்போ அதில் அகப்பட்டால் இழுத்தெடுக்க நேரமிராது. மட்காட்டில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணிவெடி அகற்றப்பட்டதென்று உறுதிசெய்யப்படாத காணியில் மெசினை இறக்கவே வேண்டாம்.

கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுக்காதீர்கள். நான்கில் ஒரு பங்கையாவது திருத்தவேலைக்கும் ரயருக்கும் ஒதுக்குங்கள். ஒரு குடும்பத்துக்கு இயலாததை மூன்று குடும்பங்கள் சேர்ந்து செய்யலாம். யார் ஓட்டுவது, டீசல் யாருடையது, பழுதானால் யார் எவ்வளவு கொடுப்பது என்பவற்றை வாங்குமுன்பே எழுதிக் கையொப்பமிடுங்கள். வாங்கியபின் பேசினால் மெசினும் நிற்கும், உறவும் முறியும்.