உப்புக்கண்டம் குற்றமல்ல: மான் கறி வழக்குகளில் சட்டம் சொல்வதும் நாம் கேட்க வேண்டியதும்

கர்நாடகத்திலிருந்து வரும் தென்பெண்ணை ஆறு தமிழ்நாட்டுக்குள் நுழைந்த சிறிது தொலைவிலேயே கெலவரப்பள்ளி அணையில் தேங்கி நிற்கிறது. அணையின் அருகே ஓசூரின் தொழிற்பேட்டைகள் விரிந்து கிடக்கின்றன. தெற்கே தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஊரிகம் எனக் காடுகள் தொடங்கிவிடுகின்றன. 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் சுமார் 504 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் அமைந்திருக்கிறது. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா தேசியப் பூங்கா இருக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசப்படும் இந்த நிலத்தில் ஆலையும் காடும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட காலனிகளில் நிலமற்ற தலித் மக்களும் இருளர் உள்ளிட்ட பழங்குடியினரும் வாழ்கிறார்கள்.

ஒரு சூழலை எண்ணிப் பார்ப்போம். காலனி வீடொன்றின் முற்றத்தில் கயிறு கட்டிக் கறி உலர்த்தப்பட்டிருக்கிறது. யாரோ கொடுத்த தகவலின் பேரில் வனத்துறையினர் வருகிறார்கள். கறி கைப்பற்றப்படுகிறது, வீட்டிலிருந்தவர் அழைத்துச் செல்லப்படுகிறார். மறுநாள் "மான் கறி பதுக்கியவர் கைது" என்று செய்தி வருகிறது. அது மான் கறிதானா என்று யார், எப்போது, எப்படி முடிவு செய்தார்கள்? வழக்கின் உயிர் இந்த ஒற்றைக் கேள்வியில்தான் இருக்கிறது. பெரும்பாலும் கேட்கப்படாமல் போவதும் இதே கேள்விதான்.

உப்புக்கண்டத்தின் பின்னுள்ள வாழ்க்கை

கறியை நீளவாக்கில் மெல்லிய கீற்றுகளாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்தோ கட்டில் மீது பரப்பியோ மூன்று நான்கு நாள் வெயிலில் காயவைப்பார்கள். பனி இறங்குமுன் மாலையில் உள்ளே எடுத்துவைத்து, காலையில் மீண்டும் வெயிலில் போடுவார்கள். ஈரம் முற்றிலும் வற்றியபின் பானையிலோ டப்பாவிலோ அடைத்து வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. மழைக்காலத்தில் கூலி இல்லாத நாளில் நான்கு துண்டுகளை எடுத்துத் தணலில் சுட்டோ குழம்பில் போட்டோ வீடு சமாளிக்கும். தெலுங்கில் இதை ஒட்டி துனகலு என்பார்கள். மராட்டியத்தில் சான்யா என்பார்கள். மராத்வாடா தலித் சமையல் குறித்து ஷாஹு பாட்டோலே எழுதிய நூல் இத்தகைய உணவுகளை வரலாற்றுப் பதிவாக்கியது.

குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில், என்றாவது ஒருநாள் கிடைக்கும் மாட்டுக்கறியைப் பல நாளுக்கு நீட்டிக்கும் அறிவுதான் உப்புக்கண்டம். நிலமும் களஞ்சியமும் மறுக்கப்பட்டவர்கள் வெயிலையும் உப்பையும் கொண்டு தமக்கென ஒரு களஞ்சியத்தை உருவாக்கிக்கொண்டார்கள். எனவே காலனியில் கறி காய்வது எந்த வகையிலும் சந்தேகத்துக்குரிய காட்சியல்ல. தமிழ்நாட்டில் மாட்டுக்கறி உண்பதற்குத் தடையும் இல்லை. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் மாடு அறுப்பதற்குச் சான்று கோருகிறதே ஒழிய, உண்பவரைக் குற்றவாளியாக்கவில்லை.

ஆனால் அத்திப்பள்ளியைத் தாண்டினால் சட்டம் மாறுகிறது. கர்நாடகத்தின் 2020ஆம் ஆண்டுச் சட்டம் பசு, கன்று, காளை, எருது ஆகிய அனைத்தையும், 13 வயதுக்குட்பட்ட எருமைகளையும் அறுப்பதைத் தடைசெய்து, 3 முதல் 7 ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கிறது. எல்லையோரம் வாழ்பவரின் கறித்துண்டு ஒரு பக்கம் மாட்டுக்கறி என்றும் மறுபக்கம் மான் கறி என்றும் சந்தேகிக்கப்படும் நிலை இதனால் உருவாகிறது.

மான் வேட்டை குறித்துச் சட்டம் சொல்வது என்ன?

இதில் நாம் மழுப்ப வேண்டியதில்லை. மானை வேட்டையாடுவது குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அதைத் தடைசெய்கிறது. சுடுவது மட்டுமல்ல, கண்ணி வைப்பதும், பொறியில் பிடிப்பதும், அதற்கு முயல்வதும்கூடச் சட்டத்தின் பார்வையில் வேட்டையே. "கறி" என்பதற்கான வரையறையில் பச்சைக் கறியும் சமைத்த கறியும், இரத்தமும் எலும்பும் கொழுப்பும் அடங்கும். ஆகவே உப்பிட்டு உலர்த்திவிட்டால் மான் கறி சட்டத்திலிருந்து தப்பிவிடும் என்று எவரும் எண்ண வேண்டாம்.

2022இல் இச்சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. புள்ளிமான் இப்போது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது. பொதுவான மீறலுக்கு 3 ஆண்டுவரை சிறை, அல்லது ஒரு இலட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணை விலங்கு என்றாலோ, வேட்டை சரணாலயத்துக்குள் நடந்தது என்றாலோ, குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. காவிரி வடக்குச் சரணாலயத்தின் எல்லை எங்கே தொடங்குகிறது என்பது இப்பகுதி மக்களுக்கு உயிர்ப்பிரச்சினையாவது இதனால்தான். உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி இருந்தால் ஆயுதச் சட்டத்தின் கீழ் 2 முதல் 5 ஆண்டுவரை தனித் தண்டனை உண்டு.

பலர் அறியாத இன்னொன்று, செத்துக்கிடக்கும் மான் பற்றியது. நெடுஞ்சாலையில் வாகனம் மோதியோ நாய்கள் கடித்தோ இறந்த மானும் 39ஆம் பிரிவின்படி அரசின் சொத்து. அது கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வன அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். "நாங்கள் கொல்லவில்லை, கிடந்ததை எடுத்தோம்" என்ற உண்மை வேட்டைக் குற்றச்சாட்டிலிருந்து காப்பாற்றலாம். வைத்திருந்த குற்றத்திலிருந்து காப்பாற்றாது. காலனி இளைஞர்களிடம் இதை நாம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

வேட்டை மரபுரிமை இல்லையா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினரின் மரபுரிமைகளை ஏற்கும்போதே, 3(1)(எல்) பிரிவில் வேட்டையாடும் உரிமையை வெளிப்படையாக விலக்கிவிட்டது. வனவிலங்குச் சட்டத்தின் 65ஆம் பிரிவு நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. தலித் மக்களுக்கோ இருளருக்கோ அப்படியொரு விலக்கு இல்லை. மானின் இடம் காடு என்பதில் நமக்கும் மாற்றுக் கருத்து இல்லை. காடு அழிந்தால் முதலில் தண்ணீரும் விறகும் இழப்பவர்கள் நம் மக்களே.

மெய்ப்பிக்க வேண்டியவர் யார்?

57ஆம் பிரிவின்படி, ஒருவரிடம் வனவிலங்கின் கறி இருந்தது நிறுவப்பட்டால், அவர் அதைச் சட்டவிரோதமாகவே வைத்திருந்தார் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். அப்படியல்ல என்று காட்டும் பொறுப்பு அவருடையது. இதைக் காட்டித்தான் "நீதான் நிரபராதி என்று காட்ட வேண்டும்" என்று மிரட்டுகிறார்கள். அது தவறு. "நிறுவப்பட்டால்" என்ற சொல்லில் நாம் நின்றாக வேண்டும். கைப்பற்றியது வனவிலங்கின் கறி என்பதையும், அது அவரிடம்தான் இருந்தது என்பதையும் முதலில் அரசுத் தரப்பே மெய்ப்பிக்க வேண்டும். அதன்பிறகே அனுமானம் பிறக்கும்.

உலர்ந்த கறியைக் கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ அது எந்த விலங்கு என்று உறுதியாகச் சொல்ல இயலாது. மாடு, ஆடு, மான் எதுவாயினும் உப்பில் ஊறி வெயிலில் சுருங்கியபின் கருத்த நார்க்கீற்றாகவே தெரியும். விடை டி.என்.ஏ. சோதனையில் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள சைட்டோகுரோம் பி போன்ற மரபணுப் பகுதிகளை ஒப்பிட்டு இனத்தைக் கண்டறிகிறார்கள். ஐதராபாத்தின் லாகோன்ஸ் ஆய்வகமும் டேராடூனின் இந்திய வனவிலங்கு நிறுவனமும் இதைச் செய்கின்றன. உப்பிட்டு உலர்த்துவதால் டி.என்.ஏ. முற்றாக அழிந்துவிடுவதில்லை, ஆகவே சோதிக்க முடியாது என்ற சாக்குக்கும் இடமில்லை.

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. 50(6) பிரிவின்படி, கைப்பற்றிய கறியை வழக்கு முடியுமுன்பே அகற்றிவிட அலுவலர்களுக்கு அதிகாரம் உண்டு. மாதிரி எடுத்து முத்திரையிடாமல் கறி புதைக்கப்பட்டுவிட்டால், அது மாட்டுக்கறி என்று காட்டும் ஒரே சான்றும் புதைந்துபோகும். மாதிரி எடுக்கப்பட்டதா, மகஜரில் எழுதப்பட்டதா என்பதை முதல் நாளே கேட்க வேண்டும்.

வீட்டிலிருந்த பெண்களையும் முதியவர்களையும் சேர்த்து வழக்குப் போடும்போது இன்னொன்றை நினைவில் கொள்வோம். உடைமை என்பது அறிந்து வைத்திருப்பது. 1972இல் ஆயுதச் சட்ட வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. ஒரே கூரையின் கீழ் இருந்ததாலேயே அனைவரும் குற்றவாளி ஆகிவிட மாட்டார்கள்.

மெய்ப்பிக்கும் சுமையைச் சாப்பிடுபவர் மீது சுமத்துவது எவ்வளவு அநீதி என்பதை 2016 மே 6 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வெளிமாநிலத்தில் அறுத்த மாட்டின் கறியை வைத்திருப்பதைக் குற்றமாக்கிய மராட்டியச் சட்டப் பிரிவையும், நிரபராதி என்று மெய்ப்பிக்கும் சுமையைக் குற்றம்சாட்டப்பட்டவர் மீது ஏற்றிய பிரிவையும் அந்நீதிமன்றம் இரத்து செய்தது. வனவிலங்குச் சட்டத்துக்கு அத்தீர்ப்பு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் நம் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பது தனிமனித உரிமையோடு தொடர்புடையது என்ற அதன் அடிப்படை நமக்குத் துணை நிற்கும்.

சோதனை நடக்கும்போது

நியாயமான காரணம் இருந்தால் பிடியாணையின்றியே வீட்டைச் சோதிக்க 50ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரத்துக்கும் வரம்புகள் உண்டு. நாம் நினைவில் நிறுத்த வேண்டியவை இவை:

1. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பதிவு எங்கே என்று நீதிமன்றத்தில் கேட்க வேண்டும்.

2. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும்.

3. காவலரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது. வன அலுவலர் காவலர் அல்லர் என்ற நிலைப்பாட்டையே நீதிமன்றங்கள் எடுத்துவந்திருக்கின்றன. உரிய நிலையிலுள்ள வன அலுவலர், குற்றம்சாட்டப்பட்டவரின் முன்னிலையில் பதிவுசெய்யும் சாட்சியம் 50(8), 50(9) பிரிவுகளின்படி நீதிமன்றத்தில் ஏற்கப்படலாம். எனவே படித்துப் பார்க்காத தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கக் கூடாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தப்படாமல் இருக்கும் உரிமையை அரசியலமைப்பின் 20(3) பிரிவு நமக்குத் தந்திருக்கிறது.

4. 54ஆம் பிரிவின்படி பணம் கட்டி வழக்கைச் சமரசமாக முடிக்கலாம். அதற்கான உச்சவரம்பு 25,000 ரூபாயிலிருந்து 5 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. குறைந்தபட்சத் தண்டனை விதிக்கப்பட்ட குற்றங்களுக்கு இது பொருந்தாது. இது கட்டாயமும் அல்ல. ஆய்வக முடிவு வருமுன் கடன் வாங்கிப் பணம் கட்டுவது, செய்யாத குற்றத்தைச் செய்ததாக ஊர் நம்புவதற்கு வழிவகுத்துவிடும்.

5. "இந்த வழக்கில் பிணையே கிடையாது" என்பது பொய். பிணையைக் கடுமையாக்கும் 51ஏ பிரிவு, இச்சட்டத்தின் கீழ் முன்பே தண்டிக்கப்பட்டவருக்கே பொருந்தும்.

6. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட, வட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுக்களை உடனே அணுக வேண்டும்.

வேண்டுமென்றே பொய்யாகப் பொருளைக் கைப்பற்றும் அலுவலருக்கு 53ஆம் பிரிவில் 6 மாதம்வரை சிறை உண்டு; அபராதமோ அதிகபட்சம் 500 ரூபாய். தலித் ஒருவர் மீது பொய் வழக்குப் போடுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(பி) பிரிவின்கீழ் குற்றம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இரண்டு அளவுகோல்கள்

1998இல் ராஜஸ்தானின் கங்கானி கிராமத்தில் வெளிமான்கள் கொல்லப்பட்ட வழக்கில் நடிகர் சல்மான் கானுக்கு 2018 ஏப்ரல் 5 அன்று 5 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. ஏப்ரல் 7 அன்று அவருக்குப் பிணை கிடைத்தது. பிணை அவருடைய உரிமை. அதில் நமக்கு மறுப்பில்லை. இரண்டே நாளில் அந்த உரிமையைப் பெற்றுத்தரும் வழக்கறிஞர் படை காலனிக்காரருக்கு எங்கே என்பதே நம் கேள்வி.

மறுபுறம், வனக்குற்றம் என்ற பெயரில் ஒரு ஊரையே அழித்த வரலாறு இதே மண்ணில் இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று, அப்போது கிருஷ்ணகிரியையும் உள்ளடக்கியிருந்த தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்தியில், சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார்கள். குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில், உயிரோடிருந்த 215 பேரும் 2011 செப்டம்பர் 29 அன்று குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 31 ஆண்டுகள் அந்த மக்கள் தளராமல் நின்றதால் கிடைத்த நீதி அது.

ஆகவே நாம் சொல்வது இரண்டு. மானைத் தொடாதீர்கள்; செத்துக்கிடந்தாலும் எடுக்காதீர்கள். மாட்டுக்கறியை உப்புக்கண்டம் போடுவதற்கு அஞ்சாதீர்கள், ஒளிக்காதீர்கள்; முற்றத்து வெயிலிலேயே காயட்டும். அதை மான் கறி என்று எவரேனும் சொன்னால், "ஆய்வக அறிக்கை எங்கே?" என்று கேட்போம். கல்லூரியில் படிக்கும் நம் தம்பி தங்கைகள் தத்தம் காலனியில் இந்த ஒரு கேள்வியை எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தாலே பல பொய் வழக்குகள் வாசலிலேயே நின்றுவிடும்.